நாள்பட்ட நோய் வந்த பிறகும் ஒருவர் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் ஓர் ஓவியர். தன்னுடல் தாக்கு நோய் ஒன்றால் பல மாதங்களாகத் தூரிகையைத் தொடவில்லை என்கிறார். எதையும் செய்யாமல் கிடக்கும் ஆளுக்கு என்ன மதிப்பு என்று இரவில் தூக்கம் வராமல் யோசிப்பதாகவும், உறவினர்கள் ஆளுக்கொரு முறை பிரெஞ்சு ஓவியர் ரென்வாரின் கதையை அனுப்பி ஊக்கம் தருவதாகவும் எழுதியிருக்கிறார்.

நான் வீணை வாசிப்பவள். முப்பது வயதைத் தொடும் முன்பே எனக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. மருத்துவமனைச் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று இருக்கும். காத்திருக்கும் பெஞ்சில் எல்லோரும் ஆர்.ஏ. என்போம். உங்கள் கேள்விக்கு என் பதில், முடியும் என்பதுதான். ஆனால் அந்த ஒரு சொல்லை யாராவது என்னிடம் சொன்னபோது எனக்கு அது உதவியதில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ரென்வாரின் கதை எனக்கும் நிறைய வந்திருக்கிறது. விரல்கள் முடங்கிய பின்னும் கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு வரைந்தார், நீயும் அப்படி இரு என்பார்கள். அனுப்புகிறவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கதை முழுமையாக வருவதில்லை. அவருடைய விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் போயிருந்தன. துணி சுற்றியது தோல் புண்ணாகாமல் இருப்பதற்காக. தூரிகையை உடனிருந்தவர்கள் எடுத்து அவர் கையில் வைத்தார்கள். உடம்புக்கு இதமான தட்பவெப்பம் வேண்டும் என்று பிரான்சின் தென்கோடியில் கான்ய என்ற ஊருக்குக் குடிபோய், 1907இல் அங்கே ஒரு தோட்டம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். சிற்பம் செய்ய ஆசைப்பட்டபோது, 1913 முதல் ரிஷார் கினோ என்ற இளம் சிற்பி அவருக்குக் கைகளாக இருந்தார். ரென்வார் சொல்லச் சொல்ல அவர் வடித்தார். 1919இல் இறக்கும் வரை அவர் வரைந்தது உண்மை. அதற்குப் பின்னால் பணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், சூரிய வெளிச்சம் நிறைந்த ஒரு வீடு இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுச் சொல்லும்போது கதை ஒரு சவுக்காகிவிடுகிறது. அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவி ஓய்ந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. யாரைக் கேட்டாலும் அதன் மிச்சம்தான் என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் அதிகம் வாசிப்பதால் வந்த களைப்பு என்றார். இரண்டு கைகளிலும் ஒரே கணுக்கள், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காத விறைப்பு, காரணமில்லாத சோர்வு. இவை மூன்றும் சேர்ந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அன்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது இந்த அடையாளங்கள் இருந்தால் தயவு செய்து தாமதிக்காதீர்கள். இந்த நோயில் மூட்டு அரிக்கப்படுவதற்கு முன் மருந்து தொடங்கிவிட்டால் பெருமளவு காப்பாற்றலாம். அரித்துப்போன எலும்பைப் பழையபடி ஆக்கித் தரும் மருந்து இல்லை.

நம் இசையில் ஒரு கலைஞரின் மதிப்பைச் சாதகத்தை, அதாவது அன்றாடப் பயிற்சியை, கொண்டு அளப்போம். விடியற்காலையில் எழுந்து, ஊர் விழிப்பதற்குள் சரளி வரிசையிலிருந்து வர்ணம் வரை மூன்று வேகங்களில் வாசித்து முடிப்பவர்தான் உண்மையான மாணவர் என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் குருவும் அப்படித்தான் வளர்ந்தார், அதையே எனக்கும் தந்தார். முடக்குவாதம் மிகக் கடுமையாக இருப்பது சரியாக அந்த நேரத்தில். விடியற்காலையில் என் விரல்கள் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது. ஆகவே எனக்குப் போனது வாசிப்பு மட்டுமல்ல. நல்லவள், உழைப்பவள், வித்தைக்கு உண்மையாக இருப்பவள் என்று நான் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணமே போயிற்று. கை வலிப்பதைவிட அதுதான் வெகுநாள் வலித்தது. உங்கள் கேள்வியில் அதே வலி தெரிகிறது என்பதால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

இப்போது நான் மாலையில் வாசிக்கிறேன். வெந்நீரில் கையை வைத்திருந்து, மதியத்துக்கு மேல் மூட்டுகள் இளகிய பிறகு உட்காருவேன். விடியற்காலை ராகங்களான பூபாளத்தையும் பௌளியையும் சூரியன் சாய்ந்த பிறகு வாசிக்கிறேன். ராகத்துக்கு உரிய வேளை என்ற மரபை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கு விடிவது அந்த நேரத்தில்தான்.

இந்த நோயில் ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருப்பதில்லை. அதைச் சுற்றியிருப்பவர்களுக்குப் புரியவைப்பது நோயைத் தாங்குவதற்குச் சமமான வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு திருமண வீட்டில் அரை மணி நேரம் வாசிப்பேன். செவ்வாய்க்கிழமை சட்டைப் பொத்தானைப் போட முடியாது. "நேற்று முன்தினம் வீணை வாசித்தாயே அம்மா, இன்றைக்கு ஒரு டப்பாவைத் திறக்க முடியவில்லையா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டும் (தவறிப்போய்த் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் மாத்திரை நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்). அதற்கு மறுநாள் குமட்டலிலும் மந்தத்திலும் போய்விடும். இப்படி வாரத்தில் ஒரு நாளை மருந்து எடுத்துக்கொள்கிறது, சில நாட்களை நோய் எடுத்துக்கொள்கிறது. மீதி நாட்களில் நான் ஆரோக்கியமானவள் போலத் தெரிவேன்.

சட்டத்தின் கண்ணிலும் இதே நிலைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன், ஹீமோஃபீலியா, தலசீமியா எல்லாம் பெயரோடு இருக்கின்றன. முடக்குவாதத்தின் பெயர் அதில் இல்லை. மூட்டுகள் கோணிப்போய், இயக்கக் குறைபாடு என்ற வகையில் 40 சதவீதம் என்று மருத்துவர்கள் சான்று தந்தால்தான் சலுகைகளுக்குத் தகுதி. மருந்தின் தயவால் விரல்கள் நேராக இருக்கும் என்னைப் போன்றவர்கள் ஆரோக்கியமானவர் கணக்கிலும் இல்லை, மாற்றுத்திறனாளிகள் கணக்கிலும் இல்லை. எந்தப் பெட்டியிலும் அடங்காமல் இருப்பது தன்னைப் பற்றிய நம்பிக்கையை எவ்வளவு அரிக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நான் பொய் சொல்கிறேனோ என்று நமக்கே நம் மேல் ஐயம் வந்துவிடும். நீங்கள் பொய் சொல்லவில்லை. நல்ல நாளும் உண்மை, கெட்ட நாளும் உண்மை.

மதிப்பு என்ற கேள்விக்கு எனக்கு வெளிச்சம் தந்தது ஒரு பழைய கதை. முத்துசுவாமி தீட்சிதரின் சீடர் சுத்த மத்தளம் தம்பியப்பன் கடுமையான வயிற்று வலியால் துன்பப்பட்டார் என்றும், அவருடைய ஜாதகத்தில் குரு கிரகம் (பிருஹஸ்பதி) சரியில்லை என்று கண்ட தீட்சிதர் அடாணா ராகத்தில் "பிருஹஸ்பதே" கிருதியை இயற்றிப் பாடச் செய்தார் என்றும், அதிலிருந்தே நவக்கிரக கிருதிகள் பிறந்தன என்றும் சொல்வார்கள். எனக்கு நோய் என்று தெரிந்ததும் இந்தக் கதையை நினைவூட்டி அந்தக் கிருதியை வாசிக்கச் சொன்னவர்கள் பலர். வாசித்தேன், இன்றும் வாசிக்கிறேன், அழகான கிருதி. ஆனால் கதையில் என் மனம் தங்கியது குணமான இடத்தில் அல்ல. வலியால் துவண்டு மத்தளத்தைத் தொட முடியாமல் கிடந்த நாட்களில் தம்பியப்பன் யாராக இருந்தார்? தீட்சிதருக்கு அவர் அந்த நாட்களிலும் சீடர்தான். வாசிக்காத சீடருக்காகத்தான் குரு ஒரு பாட்டை உண்டாக்கினார். எழுந்து வந்து வாசித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டும் இந்தப் பக்கத்தை நான் நோய் வந்த பிறகுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்குள் ஒன்று மெல்ல நிலைத்தது. வாசிக்கும் நாளில் நான் வீணைக் கலைஞர், வாசிக்காத நாளில் யாரும் இல்லை என்பது சரியான கணக்காக இருக்க முடியாது. தூங்கும்போது யாரும் தன் தொழிலை இழப்பதில்லை. உங்களுக்குள் ஒரு நிறத்தைப் பார்த்ததும் அதற்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும் என்று சொல்லும் ஒன்று இருக்கிறது அல்லவா, அது இந்த மாதங்களில் வேலை செய்வதை நிறுத்திவிட்டதா? நிறுத்தியிருக்காது. படுக்கையிலிருந்து ஜன்னலைப் பார்க்கும்போதும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். எனக்குள் காது அப்படி. ரேடியோவில் யாராவது நிஷாத சுரத்தைச் சற்று இறக்கிப் பிடித்தால், காய்ச்சலில் கிடந்தாலும் எனக்குத் தெரியும். அந்தக் காதை உண்டாக்க என் குரு பல ஆண்டுகள் உழைத்தார், நானும் உழைத்தேன். விரல் வீங்கினால் அது போய்விடுமா?

இழந்தவற்றை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. எனக்குத் தோடி ராகம் போய்விட்டது. வீணையில் கமகம் என்பது பெரும்பாலும் இடது கை விரல்களால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பது. தோடியின் காந்தார சுரத்தை அசைக்க வேண்டிய அளவுக்கு அசைத்தால் என் நடுவிரல் கணு மறுநாள் வீங்கிவிடும். இழுப்பதற்குப் பதிலாக ஜாருவாக வழுக்கிப் பார்த்தேன்; கேட்பவர்களுக்குத் தோடி என்று தெரியும், ஆனால் என் காது ஒப்பவில்லை. ஆகவே விட்டுவிட்டேன். அதற்காக அழுதேன். இதற்குப் பதிலாக வேறு ஏதோ கிடைத்தது என்று சொல்லி ஈடுகட்ட நான் விரும்பவில்லை. ஒரு பெரிய ராகத்துக்கு ஈடு கிடையாது.

இன்னும் வாசிக்க முடிந்ததை வாசிப்பதற்கு நிறைய மாற்றினேன். ஓவியத்துக்கும் இதற்கு இணையானவை இருக்கும் என்பதால் சொல்கிறேன். சுருதியை இறக்கிக்கொண்டேன், தந்தியின் விறைப்பு குறைந்தால் இழுக்கும் விரலுக்குச் சுமை குறைகிறது. மெல்லிய தந்தி போட்டேன். தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவர் மெழுகைப் புதுப்பித்து மேளம் கட்டும்போது (மெட்டுக் கம்பிகளைப் பதிக்கும்போது), தந்தி அவற்றுக்கு இன்னும் அருகில் படியும்படி அமைத்துக் கொடுத்தார். என் கைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதற்குத் தகுந்தபடி வீணையைத்தான் மாற்ற வேண்டும் அம்மா, கையை மாற்ற முடியாது" என்றார். எந்த ஆலோசகரும் எனக்கு அவ்வளவு நல்ல ஒன்றைச் சொன்னதில்லை. சம்மணமிட்டு உட்கார முழங்கால் இடம் கொடுக்காததால் நாற்காலியில் உட்கார்ந்து, வீணையைத் தாங்கியில் வைத்து வாசிக்கிறேன். மேடையில் முதல் முறை அப்படி உட்கார்ந்தபோது முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த முறையும் அப்படியே உட்கார்ந்தேன்.

இத்தனை மாற்றத்தில் ஒலி சிறியதாகிவிட்டது. இறங்கிய சுருதியும் மெல்லிய தந்தியும் பெரிய மண்டபத்துக்கு எட்டாது. ஒலிபெருக்கி வைக்கலாம், சில இடங்களில் வைக்கிறேன். ஆனால் என் வாசிப்புக்குப் பொருத்தமான இடம் பத்துப் பேர் உட்காரும் ஒரு வீட்டுக் கூடம் என்று தெரிந்துகொண்டேன். வீணை தனம்மாள் (1867-1938) சென்னையில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததை இன்றும் பேசுகிறார்கள். கேட்க விரும்பியவர்கள் அங்கே தேடிப் போய் அமைதியாக உட்கார்ந்து கேட்டார்கள். அவருடைய மேதைமையோடு என்னை ஒப்பிடவில்லை. சிறிய ஒலிக்கும் நம் மரபில் கௌரவமான இடம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். சபா மேடையும் டிசம்பர் சீசனும் மட்டும்தான் அளவுகோல் என்றால் நான் தோற்றவள். அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்த பிறகு எனக்கு அதன் மேல் பழைய பயம் இல்லை.

"நோய்தான் உங்கள் வாசிப்பை ஆழமாக்கியது" என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். கை கூப்பி நன்றி சொல்வேன், ஆனால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நோய் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. கற்றுத் தந்தவர் என் குரு. நோய் எடுத்துக்கொண்டது மட்டும்தான். மிச்சம் இருந்ததை வைத்து வேலை செய்தவள் நான். அந்த உழைப்பின் பெருமையை வீக்கத்துக்கும் வலிக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. உங்களிடமும் இதைச் சொல்வார்கள். வலி வந்தால்தான் கலை வரும் என்பார்கள். வலி அதிகமான நாட்களில் எனக்கு ஓர் இசைச் சங்கதியும் தோன்றியதில்லை, மாத்திரை வேளை எப்போது வரும் என்று மட்டும்தான் தோன்றியிருக்கிறது. அந்த நாட்களில் படைக்க முடியவில்லை என்பதற்காக உங்களை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள்.

உதவி கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகக் கடினமாக இருந்தது அதுதான். வீணையில் பிருடையை (தந்தியை இறுக்கும் கட்டையை) முறுக்க மணிக்கட்டில் பலம் வேண்டும். என்னால் முடியாது. இப்போது என் கணவர் முறுக்குகிறார். அவருக்குச் சங்கீதம் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும், போதும், ஒரு துளி இறக்குங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். தொடக்கத்தில் அவமானமாக இருந்தது. தன் வீணைக்குத் தானே சுருதி சேர்க்க முடியாதவள் என்ன வைணிகை என்று நினைத்தேன். எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலனைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. கண்புரையால் பார்வை மங்கி அரசு வேலையை விட்டவர் அவர். அவர் கதைகளைச் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். அந்தக் கதைகளை யாரும் பாதி கு.ப.ரா. கதைகள் என்று சொல்வதில்லை. எழுதிக்கொடுத்த தங்கையும் பிறகு எழுத்தாளரானார். எங்கள் வீட்டிலும் இப்போது என் கணவருக்குச் சாரணித் தந்தி சுருதி சேர்ந்துவிட்டதா இல்லையா என்று நான் சொல்லாமலே தெரிகிறது.

நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடமும் ஒளிப்பதில்லை. ஒரு மாணவி தோடி வர்ணம் கேட்டாள். "டீச்சர், ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், பிடித்துக்கொள்கிறேன்" என்றாள். "என் விரலால் முடியாது கண்ணு. பாடுகிறேன், நீ வீணையில் தேடு" என்றேன். அவள் தேடினாள். விரல் எங்கே போகிறது என்று பார்த்துக் கற்கும் பிள்ளைகளைவிட அவளுக்கு நாளாயிற்று, நிறையத் தடுமாறினாள். ஆனால் அந்தக் காந்தாரம் அவளுடைய காதிலிருந்து வந்தது. அவள் வாசிக்கும்போது எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வகுப்பு எடுக்கிறேன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். உங்கள் மருத்துவரிடம் நீங்கள் ஓவியர் என்று சொல்லியிருக்கிறீர்களா? என் பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் இல்லத்தரசி என்றுதான் இருந்தது. பதிவு செய்தவர் கேட்காமலே எழுதிக்கொண்டார். நான் வீணை வாசிப்பவள் என்று தெரிந்த பிறகு மூட்டுவாத மருத்துவரின் பேச்சே மாறியது. அதுவரை நடக்க முடிகிறதா, சமைக்க முடிகிறதா என்று கேட்டவர், இடது கை ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் தனியாக அழுத்திப் பார்த்தார். மருந்தின் அளவை முடிவு செய்யும்போது, அந்த இரண்டு விரல்களும் என்ன செய்ய வேண்டும் என்பதும் கணக்கில் வந்தது. கைப்பயிற்சி சொல்லித்தரும் தெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் இரவில் மணிக்கட்டுக்குப் போட ஒரு பட்டை செய்து கொடுத்தார். அடுத்த முறை போகும்போது நீங்கள் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போங்கள். எப்படிப் பிடிக்கிறீர்கள், எந்த இடத்தில் வலிக்கிறது, ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று அவருக்குச் செய்து காட்டுங்கள்.